கண்ணாடிக்கு வெளியே வந்த டிரம்ஸ்

எங்கள் சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கும் டெல்ஃபின் கெய்தரை இரண்டு வருடம் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார வைத்திருந்தோம். சிகாகோவின் மேற்குப் பக்கத்தில் பல சர்ச்சுகளில் இப்படித்தான். புதிதாக வாங்கிய டிரம்ஸ் அடித்தால் பாடகர்குழு காதைப் பொத்திக்கொண்டது. உடனே சபை நிர்வாகத்தில் இருக்கும் டீக்கன் வெண்டல் ஸ்டப்ஸ் நன்கொடை திரட்டி, ஆளுயரத்துக்குத் தடுப்பு போட்டு, உள்ளே எட்டு மைக்கும் வைத்துவிட்டார். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். சர்ச்சின் மைக், ஸ்பீக்கர், ஒயர் எல்லாம் அவர் ராஜ்ஜியம். அந்தத் தடுப்பை வாரம் தவறாமல் தன் கையாலேயே துடைப்பார்.

நான் ஆர்கன் வாசிப்பவன், பெயர் ஹாலிஸ் பெக்வித். எங்கள் ஆராதனையில் ஆர்கனும் டிரம்ஸும் ஒரே மூச்சில் போக வேண்டும். பாஸ்டர் பிரசங்கத்தின் நடுவில் குரலை ஏற்றினால், அடுத்து எங்கே தாவப்போகிறார் என்பதை நாங்கள் இருவரும் சேர்ந்தே மோப்பம் பிடித்தாக வேண்டும். இப்போதோ டெல்ஃபின் அடிப்பது என் காதில் மாட்டிய ஹெட்ஃபோன் வழியாகத்தான் வந்தது. பக்கத்திலேயே இருப்பவள் வேறு ஊரிலிருந்து ஃபோன் செய்வது போல.

"மீன் தொட்டிக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கு ஹாலிஸ்," என்றாள் ஒரு நாள். "சின்னப் பிள்ளைங்க வந்து எனக்குத் தீனி போடாததுதான் பாக்கி."

டெல்ஃபின் தபால்காரி. பனியிலும் வெயிலிலும் தெருத் தெருவாக நடப்பவள். ஒன்றை நினைத்துவிட்டால் விடமாட்டாள். பாடகர்களின் அங்கிகள் தொங்கும் அறையில் சர்ச்சின் பழைய டிரம்ஸ் கிடந்தது. அறுபதுகளில் எங்கள் ஊர்த் தொழிற்சாலையிலேயே செய்தது. வெளியே பொன் மினுக்குத் தாள் ஒட்டியிருக்கும். அன்றைய பாடகர்குழு மீன் வறுத்து விற்று வாங்கியது. அதன் மேல் இப்போது கோட்டும் தொப்பியும்தான் குவிந்திருந்தன.

ஒரு சனிக்கிழமை ஒத்திகைக்கு அதைத் தூசி தட்டிக் கொண்டுவந்து மேடையில் வைத்தாள். முதல் அடியிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தொப், தொப் என்று செத்த சத்தம்.

"அட்டைப்பெட்டியத் தட்டுற மாதிரி இருக்கே சிஸ்டர்," என்றார் ஸ்டப்ஸ். "உள்ள யாருக்காவது பார்சல் இருக்கான்னு பாருங்க. உங்க வேலையாச்சே."

பாடகர்குழு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். டெல்ஃபின் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே தூக்கிப் போனாள்.

அடுத்த நாள் ஆராதனை முடிந்ததும் அங்கி அறைக்குப் போனேன். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தோலைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சதுக்கு மன்னிப்புக் கேக்க வந்தியா, உதவி பண்ண வந்தியா?"

"ரெண்டுக்கும்."

"அப்போ உட்காரு. இந்தக் கொடுமையப் பாரு."

பெரிய டிரம்முக்குள் ஒரு முழுக் கம்பளி திணித்திருந்தது. மற்றவற்றின் உள்சுவரில் ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தது. மேலே இரட்டை மடிப்புப் பிளாஸ்டிக் தோல், கிழிந்துவிடும் போல முறுக்கிக் கட்டியிருந்தது. எப்போதோ ஒருவர், அன்றைய நாகரிகத்துக்காக, அதன் வாயைப் பொத்தியிருக்கிறார். அவ்வளவுதான். டிரம்ஸ் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

ஸ்பாஞ்சைச் சுரண்டி எடுத்ததும் மரம் தெரிந்தது. மூன்றே மெல்லிய பலகை அடுக்கு. மேலும் கீழும் மட்டும் உறுதிக்கு ஒரு கனமான வளையம். டெல்ஃபின் வெறும் கூட்டை ஒரு விரலில் தொங்கவிட்டு மறுகை விரல் முட்டியால் தட்டினாள். ஊம் என்று ஒரு சுரம் வந்தது. அடுத்ததைத் தட்டினாள். வேறு சுரம். நான் ஓடிப்போய் ஆர்கனில் அந்தச் சுரங்களைத் தேடி, அறைக்கே கேட்கும்படி அழுத்திப் பிடித்தேன்.

"அதேதான்!" என்று உள்ளிருந்து கத்தினாள். "அப்படியே பிடிச்சிரு, நான் குறிச்சுக்கிறேன்!"

டிரம்ஸ் கடைக்காரரிடம் ஒற்றை மடிப்பில் மெல்லிய தோல் கேட்டாள். அவர், தோல் படியும் மர விளிம்பையும் இந்தக் காலத்து டிரம்ஸ் போலக் கூராக வெட்டித் தருகிறேன் என்றாராம். கூடவே கூடாது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"ஏன், நல்லதுதானே?" என்றேன்.

"கூரா இருந்தா தோல் மரத்த ஒரு கோடு மாதிரிதான் தொடும். சத்தம் பளிச்சுனு வரும், ரொம்ப நேரம் கிணுகிணுக்கும். இது மழுங்கலா உருண்ட விளிம்பு. தோல் மரத்து மேலயே படுத்துக்கும். அதனால மரமும் சேர்ந்து பேசும், பேசிட்டு வாய மூடிக்கும். உன் ஆர்கனுக்கு இடம் விடும்."

"மரம் பழசானதால வர்ற ருசின்னு சொல்றாங்களே?"

"கொஞ்சம் இருக்கலாம். பழசா இருந்தாலே போதும்னா நம்ம பாஸ்டரோட காரும் ஓடணுமே."

மாலைகளில் வேலை முடிந்து சீருடையோடே வந்து, ஒவ்வொரு தோலையும் அதனதன் கூட்டின் சுரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். சர்ச்சின் ஆண்டு விழாவுக்கு முந்தைய சனிக்கிழமை அதைக் கண்ணாடிக்குள் வைத்து வாசித்தாள். ஹெட்ஃபோனில் மறுபடியும் மந்தமாகவே கேட்டது. தடுப்புக்குள் அந்த மென்மையான சத்தம் அப்படியே அமுங்கிப்போனது.

"சொன்னேனா இல்லையா?" என்றார் ஸ்டப்ஸ்.

டெல்ஃபின் எழுந்து வெளியே வந்தாள். "டீக்கன், இந்தக் கண்ணாடியக் கழட்டுங்க."

"தலைகீழா நின்னாலும் கழட்டமாட்டேன். ஜனங்க கொடுத்த காசு அது."

"சரி. அப்போ நான் வெளிய வர்றேன்."

ஸ்நேர் என்கிற சின்ன டிரம், பெரிய டிரம், தரையில் நிற்கும் டிரம் மூன்றையும் தூக்கிவந்து என் ஆர்கனுக்குப் பக்கத்தில் வைத்தாள். மைக் ஒன்றுகூட இல்லை. குச்சியைத் தட்டி எண்ணிக்கை கொடுத்தாள். நான் ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்தேன்.

அந்தப் பெரிய டிரம்மின் முதல் அடியை நான் காதால் கேட்கவில்லை. பெஞ்சு வழியாக முதுகெலும்பில் ஏறியது. ஓங்கி அடித்தால் அதன் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதைத் தெரிந்துகொண்டு டெல்ஃபின் பாதி பலத்தில்தான் அடித்தாள், ஆனால் ஒவ்வொரு அடியும் முழுசாக விழுந்தது. பாடகர்குழு பாட ஆரம்பித்தது. மேல் வரிசைப் பெண்கள் கத்த வேண்டிய தேவையே இல்லாமல் உச்சத்தைத் தொட்டார்கள். இரண்டு வருடமாக அவர்கள் கத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

ஸ்டப்ஸ் சத்தம் அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு நடந்தார். நடுவில் நின்றார். கடைசி வரிசைக்குப் போனார். பால்கனியில் ஏறினார். முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அங்கேயே கைப்பிடியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்தும் இறங்கி வரவில்லை. என்ன சொல்லப்போகிறாரோ என்று எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம்.

"ஹாலிஸ்!" என்று மேலிருந்து கூப்பிட்டார். "என் பெட்டியில ஸ்க்ரூ டிரைவர் இருக்கு. எடுத்து வை."

விழா ஞாயிறன்று மேடையில் தடுப்பு இல்லை. பொன் மினுக்கு டிரம்ஸ் நட்டநடுவில் நின்றது. பிரசங்கத்தின் உச்சத்தில் பாஸ்டர் திடீரென்று குரலை இறக்கினார். டெல்ஃபினும் நானும் ஒருவரையொருவர் பார்க்கக்கூட இல்லை. இருவரும் ஒன்றாகவே இறங்கினோம். அவள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு விரல்நுனியால் தோலைத் தடவி வாசித்தாள். அதுவும் கடைசி வரிசை வரை போனது. சபை எழுந்து நின்றுவிட்டது.

விருந்தில், கோழி வறுவல் தட்டோடு விழாவுக்கு வந்திருந்த வேறொரு சர்ச்சின் டிரம்ஸ்காரர் ஸ்டப்ஸைத் தேடி வந்தார். "இந்தச் சத்தத்துக்கு என்ன மைக் போடுறீங்க பிரதர்?"

"மைக்கா? எங்களுக்கு எதுக்கு மைக்?" ஸ்டப்ஸ் நெஞ்சை நிமிர்த்தினார். "கண்ணாடிய எடுத்துடலாம்னு நான்தான் முடிவு பண்ணேன்."

பக்கத்தில் நின்ற டெல்ஃபின் இருமினாள்.

"அதாவது," என்றார் ஸ்டப்ஸ், தன் நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டபடி, "இவங்க முடிவு பண்ணினதுக்கு அப்புறம் நான் முடிவு பண்ணேன். எங்க சிஸ்டர் கெய்தர். எதுவா இருந்தாலும் இவங்ககிட்டயே கேளுங்க."

டெல்ஃபின் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். "முதல்ல உங்க டிரம்முக்குள்ள என்னத்தத் திணிச்சு வச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க பிரதர்," என்றாள்.