மாக் அண்ணனின் காலிக் கோப்பை

...எடுக்கவில்லை என்றுதானே சொன்னான், நேற்றும் சொன்னான், காலையில் கஞ்சி குடிக்கும்போதும் சொன்னான், கேட்காதவளிடம் ஒருவன் ஏன் இத்தனை தடவை சொல்ல வேண்டும், அதுதான் லாய்ஹாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கெண்டியில் தண்ணீர் கொதித்துவிட்டது. பட்டப்பகலிலும் விளக்கெரிகிற அறையில், மீன் உருண்டை பிடிக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் மாக் அண்ணன், இந்தப் பக்கம் அவள் புருஷன் வாய்சுன். மாக் அண்ணனின் அபின் கிடங்குக்கு அவன்தான் காவல், அங்கே ஒரு கட்டியைக் காணோம். கௌலூன் கோட்டைச் சேரிக்குள் போலீஸாவது கோர்ட்டாவது, மாக் அண்ணன் வைத்ததுதான் சட்டம், திருடினேன் என்று ஒப்புக்கொண்டால் கட்டைவிரல் போய்விடும். கட்டைவிரல் இல்லாதவனை எவன் வேலைக்கு வைப்பான்?

"எங்கம்மா சத்தியமா நான் தொடலண்ணே."

"ஒங்கம்மா மேல எத்தன சத்தியம்டா பண்ணுவ? அந்தப் பொம்பள செத்தும் நிம்மதியில்ல. அண்ணி, நீங்க ஏன் நிக்கிறீங்க? உக்காருங்க. ஒங்க கையால தின்னு வளந்த ஒடம்பு இது, ஒங்க மேல எனக்கென்ன கோவம்?"

கூட்டாளிகளின் பெண்டாட்டிமார் எல்லாரும் அவருக்கு மரியாதைக்கு அண்ணிதான். அவள் தேயிலை போட்டுக் கெண்டியைக் கொண்டுவந்தாள். வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான். இப்படிப்பட்ட பேச்சில் அவரவர் தேநீரை அவரவரே ஊற்றிக்கொள்வார்கள், எதிராளியின் கோப்பையில் ஊற்றினால் தப்பு எங்களுடையது என்று அர்த்தம், கோட்டைக்குள் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்... அவன் நல்லவன்தான், அறுபத்திரண்டாம் வருஷத்துச் சூறாவளியில் கூரைத் தகரம் பிய்த்துக்கொண்டு போனபோது அவளைத் தரையில் கவிழ்த்து மேலே படுத்துக்கொண்டவன், முதுகெல்லாம் ரத்தம், அப்படிப்பட்டவனைச் சந்தேகப்படுவதா, ஆனால் போன மாதம் ஒரு பச்சைக்கல் வளையல் கொண்டுவந்தானே, சீட்டில் ஜெயித்தேன் என்றானே, என்றைக்கு ஜெயித்திருக்கிறான் இவன்? கூரையை உரசுவதுபோல் விமானம் ஒன்று இறங்கியது, பேச்சு நின்றது, பாத்திரங்கள் அதிர்ந்தன, மாக் அண்ணனின் கோப்பை காலியாக இருந்தது, வந்தவர் கோப்பை காலியாக இருந்தால் நிரப்பியே பழகிய கை.

சத்தம் ஓய்ந்தபோது கோப்பை நிறைந்திருந்தது.

மாக் அண்ணனே ஒரு கணம் திகைத்துப்போனார். பிறகு இரண்டு விரல்களால் மேசையை மெல்லத் தட்டினார், ஏற்றுக்கொண்டேன் என்று. "அண்ணியே சொல்லிட்டாங்க. இனிமே என்னடா பேச்சு?"

வாய்சுன் மாக் அண்ணனைப் பார்க்கவே இல்லை, இவளைத்தான் பார்த்தான், கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஐயோ, மறந்துபோய் ஊற்றிவிட்டேன் அண்ணே, பழக்கதோஷம், பொம்பளை புத்தி, எதையாவது சொல், காலில் விழுந்தாவது சொல், அவன் விரலடி... வாயைத் திறந்தாள், அந்த ஒரு வார்த்தை வரவில்லை, மறந்துதானே ஊற்றினாள், வேண்டுமென்றே எவளாவது ஊற்றுவாளா, மறந்துதான்... மறந்துதானா?