பெருக்கிவைத்த இடுகாடு

லவீனியா மங்கின் அமெரிக்காவின் சவானா நகரிலிருந்து முதல் பஸ் பிடித்துத் தான் பிறந்த தீவுக்கு வந்து சேர்ந்தாள். பைன் தோப்புக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முன்னோர்களைப் புதைத்த இடுகாடு பளிச்சென்று இருந்தது. ஒரு சருகுகூட இல்லை.

"எப்படியிருக்கு அக்கா?" தம்பி தாடியஸ் துடைப்பமும் கையுமாகச் சிரித்தான். "வாரம் பூரா நான் ஒருத்தனாவே பெருக்கினேன்."

"தட்டெல்லாம் எங்கடா?"

"எந்தத் தட்டு?"

"சமாதி மேல கிடந்த தட்டு, கோப்பை, சங்கு?"

"அந்த உடைஞ்ச சாமானா? லாரில ஏத்திக் குப்பைக்கிடங்குக்கு அனுப்பிட்டேன். வெள்ளைக்காரங்க வர்றாங்க. குப்பைமேட்டுலயா பொதைக்கிறீங்கன்னு கேட்டா மானம் போயிடாதா?"

லவீனியா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடிமையாகச் செத்தவனுக்கு எந்த எஜமான் கல் நட்டான்? செத்தவர் கடைசியாகச் சாப்பிட்ட தட்டை உடைத்துத் தலைமாட்டில் வைப்பார்கள். வைத்தால் அடுத்த சாவு அந்த வீட்டுக்கு வராது என்று நம்பிக்கை. அந்த ஓடுகளை விட்டால் அங்கே வேறு அடையாளம் கிடையாது.

அடிமைகளின் வாரிசுகளுக்கு ஈடாக இந்தத் தோப்பைக் கொடுப்பதா என்று மாவட்ட சபையில் ஒரு வருஷமாக வாய்ச்சண்டை. "எங்க தாத்தா யாரையும் அடிமையா வெச்சதில்ல, நான் ஏன் ஈடு குடுக்கணும்?" என்றார் ஒருவர். "எப்பவோ நடந்தது, மறந்துடக் கூடாதா?" என்றார் இன்னொருவர். மறப்பதற்கு அவர்களுக்கென்ன, நிலம் கையில் இருக்கிறது. கடைசியில் பெரிய மனசு பண்ணினார்கள். அடிமைகளின் சமாதி கண்ணுக்குத் தெரிந்தால் தோப்பு வாரிசுகளுக்கு. இல்லையென்றால் கோல்ஃப் மைதானத்துக்கு. இன்றைக்குத்தான் பார்க்க வருகிறார்கள்.

விஷயம் உறைத்ததும் தாடியஸ் துடைப்பத்தைக் கீழே போட்டான். "ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன் அக்கா."

"இப்பப் பரப்பினா, நேத்து நீங்களே வெச்சதுன்னுவான்."

அவளுக்கு அவனைத் திட்டவும் வாய் வரவில்லை. சுத்தமாக இருந்தால்தான் மனுஷனாக மதிப்பார்கள் என்று சொல்லிச் சொல்லியே இரண்டு பேரையும் வளர்த்திருந்தார்கள். வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

சபை உறுப்பினர் ஹோல்கம்ப் காரைவிட்டு இறங்கி நடந்து வந்தார். "சமாதி எங்கம்மா?"

"நீங்க நிக்கிற இடந்தான். எங்க பூட்டியோட அம்மா, பிண்டா."

அவர் மரியாதையாக ஓர் அடி தள்ளி நின்றார். "எனக்கு மண்ணுதான் தெரியுது."

"பெருக்கிட்டோங்க. தோண்டிப் பாருங்க."

"சமாதின்னா தோண்டக்கூடாது, அது சட்டம். சமாதி இல்லேன்னா எதுக்குத் தோண்டணும்?" அவர் முகத்தில் கேலி இல்லை. மெய்யாகவே வருத்தப்பட்டார். "கண்ணால பார்த்ததைத்தான் நான் சபையில சொல்ல முடியும்."

அதோடு தோப்பு போயிற்று. கார்க் கதவைத் திறந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணு சொல்லணும். இடத்தை ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்க."

லவீனியா பல்லைக் கடித்தாள். அவளுக்குப் பின்னால் தாடியஸ் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

"ரொம்ப நன்றிங்க ஐயா," என்றான்.