அளவுக்கு நின்ற அம்மா

ஒவ்வொரு முறை சாலையை அகலப்படுத்தும் முன்பும் எங்கள் புறநகர்த் தெருக்களைப் படமெடுத்து வைப்பது, காலமான அப்பாவின் அலுவலக வேலை. அந்தப் படங்களை நூலகத்தில் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். படத்துக்குப் படம் மரம் போய்க் கம்பம் வந்தது, கம்பம் போய்ப் பாலம் வந்தது. அம்மா மட்டும் எல்லாவற்றிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

"உயரம் தெரியணும்னு வெயில்ல நிக்க வச்சாரு. ஒரு தடவையாவது எனக்காகப் படம் எடுத்தாரா?" என்று கண்காட்சியில் என் பக்கத்தில் நின்ற அம்மா பொரிந்து தள்ளினாள். எனக்கும் அப்பா மேல் எரிச்சல் வந்தது.

நூலகர், படங்களோடு அலுவலகம் அனுப்பியிருந்த அப்பாவின் கேமரா பெட்டியைத் திறந்து காட்டினார். உயரம் காட்ட அலுவலகம் கொடுத்த மடக்குக்கோல், உறை பிரிக்காமல் அதில் கிடந்தது.

அம்மா அந்த உறையைத் தடவிப் பார்த்தாள்.

"திருட்டு மனுஷன்," என்றாள். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முதல் படத்துக்குத் திரும்பிப் போனாள்.