ஏழாவது கிரீனில் செருப்புத் தடம்

அந்தப் புல்லை விதைத்து முளைக்க வைத்தவள் அவள்தான். மணலோடு கலந்து தூவிய விதை, கடுகைவிடப் பொடிசு. வேர் பிடிக்கும்வரை கைக்குழந்தைக்குப் பால் புகட்டுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி தண்ணீர் காட்ட வேண்டும். அந்த நாட்களில்தான் அக்காவின் கல்யாணம் வந்தது. தாலி கட்டி முடித்ததும் புல்லுக்குத் தண்ணீர் காட்ட இவள் பஸ் ஏறிவிட்டாள். இப்போது அந்த மலையூர் கோல்ஃப் மைதானத்தின் ஏழாவது குழியைச் சுற்றி, கிரீன் என்று சொல்லும் வட்டத்தில், பென்ட் என்ற அந்தச் சன்னப் புல் கம்பளமாய் விரிந்து கிடந்தது. அவள் மெஷின் ஷெட்டை ஒட்டிய ஒற்றை அறையில் இருந்தாள். பேச்சுத் துணைக்கு ஒரு ரேடியோ.

குளிர்காலத்தில் அப்பா வந்தார். ரிட்டையரான பஸ் டிரைவர். அம்மா போன பிறகு அவரும் தனிக்கட்டை. இங்கேயே இருந்துவிடுங்கள் என்று கேட்க நினைத்தாள். நாக்கு நுனிவரை வந்ததைத் தினமும் விழுங்கினாள். அவரும் எதையோ சொல்ல வாயெடுப்பார், பிறகு குளிரைப் பற்றிப் பேசுவார்.

அவர் ஊருக்குக் கிளம்பவேண்டிய காலையில் உறைபனி. புல்நுனியெல்லாம் வெள்ளை. வெயில் வந்து அது உருகும்வரை கிரீனில் யாரும் கால் வைக்கக் கூடாது. உறைந்த இலையை மிதித்தால் உள்ளுக்குள் நொறுங்கிவிடும். அப்போது தெரியாது, இரண்டொரு நாளில் கருகும். சீக்கிரம் வரும் ஆட்டக்காரர்களைத் தடுக்க அவள் கிரீனை ஒட்டிய குளத்துப் பக்கம் காவல் நின்றாள். பஸ் நேரத்துக்குள் அறைக்குப் போய்க் கேட்டுவிடலாம் என்றிருந்தாள்.

எதிர்ப்பக்கத்தில் அப்பா தெரிந்தார். குறுக்கே நேராக வரத் தொடங்கினார்.

அவள் உள்ளங்கையை உயர்த்தினாள். கத்தத்தான் பார்த்தாள், அவளுக்கு எப்போதும் எழும்பாத குரல் அன்றும் எழும்பவில்லை. கிரீனின் நடுவில் அவர் நின்றார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு திரும்பி, வந்த தடத்திலேயே கால் வைத்துப் போனார். புதிதாக ஓர் இலைகூட மிதிபடவில்லை என்று அவளுக்கு அப்போது நிம்மதியாக இருந்தது.

பனி உருகி அவள் அறைக்குப் போனபோது அவருடைய பை இல்லை. தட்டுப் போட்டு மூடிய டீ ஆறிக் கிடந்தது.

தடங்கள் பிறகு கருகி எழுந்தன. புல் வெட்டும் மெஷின்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னம்மா, பேய் பாதி தூரம் வந்துட்டு வழி தப்பிப்போச்சுன்னு திரும்பிடுச்சா?"

அடுத்து நடக்கவிருந்த போட்டிக்கு முன் சரிசெய்யும்படி மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார். ஷெட்டின் பின்னால் வளர்த்திருந்த நாற்றுப்புல்லிலிருந்து வட்ட வட்டமாகப் பெயர்த்து வந்து, கருகியதை எடுத்த இடத்தில் பதித்தாள். ஓரத்திலிருந்து நடுவரை வந்தபோது கை நின்றது. அங்கே இரண்டு செருப்பின் தடமும் பக்கத்தில் பக்கத்தில். சுற்றிலும் இடம் மாற்றி மாற்றி மிதித்த கருப்பு. அவள் நினைத்ததைவிட அதிக நேரம் நின்றிருக்கிறார்.

மண்கையோடு போன் செய்தாள்.

"அன்னைக்கு என்னப்பா சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணுமில்லம்மா." ஒரு செருமல். "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டுமான்னு கேக்கலாம்னு வந்தேன். நீ வேணாம்னு கை காட்டினே. கை காட்டினா நிறுத்துறதுதானே என் பொழப்பே."

"ஐயோ அப்பா, அது புல்லுக்காகக் காட்டினது."

பனியைப் பற்றியும் இலையைப் பற்றியும் சொன்னாள். பாடம் ஒப்பிப்பதுபோல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் உம் கொட்டிக் கேட்டார்.

"செத்துப்போச்சா?"

"நீங்க மிதிச்சது மட்டும். வேற வெச்சுட்டேன்."

"பிடிச்சுக்குமா?"

"பார்க்கணும்ப்பா. குளிர்ல வேர் சட்டுனு ஓடாது."

அதற்குப் பிறகும் அவர் போனை வைக்கவில்லை. இந்த முறை அவள் விழுங்கவில்லை.

"வந்து இங்கேயே இருந்துடுங்கப்பா."



"யோசிச்சு சொல்றேம்மா," என்றார்.

அவள் போனைப் பையில் போட்டுக்கொண்டு, நடுவிலிருந்த கடைசி இரண்டு தடங்களையும் பெயர்த்தாள். புதுப் புல்லை வைத்து, உள்ளங்கையால் மெதுவாக அழுத்திவிட்டாள்.