கடைசியாக ஏறுகிறவர்

"இடதா, வலதாம்மா?" என்று கேட்டபடியே பிண வண்டிக்காரர் வேகத்தைக் குறைத்தார். அவள் வலது பக்கம் கை காட்டினாள். இதே திருப்பத்தில் தினமும் இரண்டு முறை வேன் ஓட்டியவனின் மனைவி அவள். ஆனால் எந்த வண்டியிலும் முன் சீட்டில் உட்கார்ந்தது இன்றுதான் முதல் முறை. பின்னால் பெட்டிக்குள் கணவன் இருந்தான். பெட்டி ஆடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு பக்கத்தில் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலை. தெருவுக்குள்ள வேணாம். நேரா எடுத்துட்டுப் போயிரலாம்."

"மாமா பார்க்கணும் தம்பி. படுக்கையில கிடக்கிற மனுஷன் எழுந்து வருவாரா?"

"தூக்க நாலு பேர் வேணுமே. நான் ஒருத்தன் இருக்கேன். வேற யாரு வருவா சொல்லுங்க?"

"நான் ஒரு கை கொடுக்கிறேன்" என்றார் வண்டிக்காரர். "ஆனா எனக்கு இடுப்பு சரியில்லை, இப்பவே சொல்லிட்டேன்."

அவளையும் சேர்த்தாலும் நான்காவது ஆள் இல்லை.

கணவன் ஓட்டியது பிஸ்கட் கம்பெனி வேன். இந்தத் தெருவிலிருந்து மட்டும் ஏழு பெண்கள் அதில் வேலைக்குப் போனார்கள். அன்று மாலை கொட்டிய மழையில் தரைப்பாலம் உடைந்தது. வேன் ஆற்றோடு போயிற்று. ஏழு பேரும் மறுநாளே கிடைத்துவிட்டார்கள். அவனை மட்டும் அந்த ஆறு மூன்று நாள் வைத்திருந்துவிட்டு எங்கேயோ ஒரு முள்வேலியில் கொடுத்தது. அதற்குள் ஏழு வீட்டுச் சாவும் முடிந்து, தெரு ஒரு முடிவுக்கும் வந்திருந்தது: போன் பேசிக்கொண்டே ஓட்டினான், கொன்றுவிட்டான்.

போன் அன்றைக்கு அவனிடம் இல்லவே இல்லை. சார்ஜில் போட்டவன் எடுக்க மறந்துவிட்டான். இருட்டத் தொடங்கியதிலிருந்து அது ஃபிரிட்ஜின் மேல் விடாமல் அடித்தது. எடுத்துப் பேசியவள் அவள்தான். நீலக் கேட்டு வீட்டு எலெக்ட்ரீஷியன் மட்டும் மூன்று முறை கூப்பிட்டார். முக்குத் தையல்காரர் கூப்பிட்டார். மற்ற வீடுகளிலிருந்தும் கூப்பிட்டார்கள். வண்டி எங்கே வருது, வண்டி எங்கே வருது. எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள். "மழைதானே, வந்துருவாங்க." அந்த 'வந்துருவாங்க' இப்போதும் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. சோற்றில் கை வைத்தால் கேட்டது, கண்ணை மூடினால் கேட்டது.

ஆக, போன் யார் கையில் இருந்தது என்பது ஏழு வீட்டுக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னார்கள். துக்கத்துக்குத் திட்ட ஓர் ஆள் வேண்டும். செத்தவன் என்றால் எதிர்த்துப் பேசமாட்டான். அது அவளுக்குப் புரிந்தது. புரிந்தாலும் வயிறு எரிந்தது.

அந்த ஏழு பெண்களில் யாரும் அவளுக்கு அந்நியரில்லை. தினமும் சாப்பிடும்போது அவர்கள் கதையைத்தான் அவன் சொல்வான். தையல்காரர் மகளுக்குச் 'சிரிப்பு' என்று பேரே வைத்திருந்தான். ஏறினால் இறங்கும்வரை அவள் வாய் மூடாது. எலெக்ட்ரீஷியன் மனைவி, நீலக் கேட்டு அக்கா, வேறு ரகம். உலகமே அழிந்தாலும் ஈரத் தலையோடு கடைசியாகத்தான் ஓடி வருவாள். கடைசியாக ஏறுகிறவர் வேனின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டவேண்டும், அப்போதுதான் வண்டி நகரும் என்பது அவன் வைத்த சட்டம். அதனால் தட்டுகிற உத்தியோகம் அக்காவுக்கே நிரந்தரமாகிவிட்டது. வீட்டிலும் அவன் சோம்பிக் கிடந்தால் இவள் அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "ஏறியாச்சு, போலாம்" என்பாள்.

திருப்பத்தில் தெரு நாய் வழக்கம்போல் நடுவில் படுத்திருந்தது.

"ஹாரன் அடிக்காதீங்கண்ணே" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் வண்டிக்காரர் அடித்துவிட்டார். சின்னச் சின்னதாக இரண்டு.

தினமும் மாலையில் இந்த இடத்தில், இந்த நேரத்தில், அவன் அடிப்பதும் அதேதான்.

கதவுகள் திறந்தன. முதலில் நீலக் கேட்டு. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு அக்காவின் சின்ன மகள் ஓடி வந்தாள். எலெக்ட்ரீஷியன் பின்னாலேயே வந்து அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். எதிர் வீடு திறந்தது. அடுத்த வீடு திறந்தது. மூன்று நாளாகக் கழற்றாத அளவு டேப்போடு தையல்காரர் படியில் வந்து நின்றார். எல்லோரும் முதலில் பார்த்தது வண்டியின் பின்கதவைத்தான், யாரோ இறங்கப்போகிறார்கள் என்பதுபோல. பிறகுதான் அவளைப் பார்த்தார்கள். ஒருவரும் உள்ளே போகவில்லை.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. கொழுந்தனும் வண்டிக்காரரும் பெட்டியின் முன்பக்கத்தைப் பிடித்தார்கள். பின்னால் ஒரு மூலையில் அவள் கை கொடுத்தாள். மற்ற மூலை கீழே சரிந்தது.

"மெதுவா, அண்ணி, விழுந்துரும்!"

தையல்காரர் படியிறங்கி வந்து இரண்டு எட்டு தள்ளி நின்றார்.

"அன்னைக்கு நான் போன் பண்ணினப்ப நீதானேம்மா எடுத்தே?"

கடைசி வீடுவரை கேட்கும்படி கேட்டார்.

"ஆமாண்ணே."

"மழைதானேன்னு சொன்னே."

"ஆமாண்ணே. அப்படித்தான் சொன்னேன்."

அவர் டேப்பைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டு, சரிந்த மூலைக்குக் கீழே தோளைக் கொடுத்தார். வேறு யாரும் அசையவில்லை. எலெக்ட்ரீஷியன் நீலக் கேட்டைப் பிடித்தபடியே நின்றார்.

உள்ளே மாமனாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து, முகத்தைத் திறந்து காட்டினார்கள். கிழவர் அழவில்லை. மகனின் நெஞ்சில் கை வைத்து, அந்தக் கையை மூக்குக்குக் கொண்டுபோனார்.

"பிஸ்கட் வாசனையே இல்லையேம்மா இவன்மேல."

இத்தனை நேரம் தாங்கியவள் அங்கேதான் உடைந்தாள். சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள்.

பெட்டி மறுபடி வண்டிக்குள் போனது. தையல்காரரும் ஏறி உட்கார்ந்துகொண்டார். பின்கதவு சாத்தியாகிவிட்டது. அவள் முன்சீட்டில் ஏறினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"போலாமாம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை. வண்டிக்காரரும் அவசரப்படுத்தவில்லை.

அப்போது பின்னால், வண்டியின் தகரத்தில், யாரோ இரண்டு முறை தட்டினார்கள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டிக்காரர் கியரைப் போட்டார்.