வெளியேறும் அம்பு

ஒரு சாஃப்ட்வேரை எழுதத் தொடங்கும் முன், அது எப்படியெல்லாம் நடந்துகொள்ளும் என்று படம் வரைவது என் வேலை. கட்டங்களும் அம்புகளும்தான். இந்த முறை இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் ஓர் அரசு அலுவலகத்துக்காக, கடை உரிமம் கேட்டு வரும் விண்ணப்பத்தின் வாழ்க்கையை வரைந்திருந்தேன். 'பரிசீலனையில்' என்ற கட்டத்திலிருந்து இரண்டு அம்புகள் கிளம்பின. ஒன்று ஏற்பு, மற்றது நிராகரிப்பு.

"நிராகரிப்பை யார் அழுத்துவாங்க, பாக்?" என்று மரியாதையாக அந்த அலுவலகத்தின் இயக்குநர் ஹர்ஜித்தோவிடம் கேட்டேன்.

"அதை எதுக்கும்மா அழுத்தணும்? மனசு நோகாதா? 'இன்னும் இல்ல'ன்னு சொன்னா அவங்களே புரிஞ்சுக்குவாங்க."

முகத்துக்கு நேரே மறுத்துப் பழகாத ஜாவாக்காரி எனக்கும் அது புரிந்தது. அம்பை அழித்தேன்.

எதிரே பன்யு நிமிர்ந்தான். எங்கள் நிறுவனத்தில் எழுதும் சாஃப்ட்வேரை உடைத்துப் பார்த்துச் சோதிப்பது அவன் வேலை. "அப்ப இந்தக் கட்டத்துக்குள்ள போனவன் எப்படி வெளிய வர்றது, லாரஸ்?"

மற்றவர்கள் காதுக்கு அது வேலை பற்றிய கேள்வி. மழைக்காலம் தொடங்கியபோது அவன் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டான். "இன்னும் இல்ல" என்றேன். இப்போது மழைக்காலமே முடிந்துவிட்டது. எங்கள் சுராபாயா கிளைக்கு மாற்றலாகிப் போகிறானா என்று இன்று மாலைக்குள் அவன் சொல்லியாக வேண்டும். என் பதிலுக்காகத்தான் அதைத் தள்ளிக்கொண்டே வந்தான்.

அவனைப் பிடிக்காமல் இல்லை. 'சரி' என்றபின் நான் எப்படி நடந்துகொள்வேன் என்று எனக்கு வரையத் தெரியவில்லை.

"ஒரு கெடு வைக்கலாம்," என்றேன். "அதுக்குள்ள யாரும் எதையும் அழுத்தலைன்னா தானா நிராகரிப்பு. வாயால சொல்ல வேண்டியதே இல்ல."

ஹர்ஜித்தோவின் முகம் மலர்ந்தது. "எவ்வளவு நாகரிகமா இருக்கு!"

ஒப்புதல் கையெழுத்துக்குப் படத்தை நீட்டினேன்.

"யோசிப்போம்மா," என்றார், பேனாவைத் தொடாமலே, அதே மலர்ச்சியோடு.

கீழே உணவகத்தில் பன்யு சோத்தோ சூப்பில் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தான்.

"பதில் கிடைச்சிடுச்சு. நன்றி."

"நான் எதுவும் சொல்லலையே!"

"அதான். கெடு முடிஞ்சா தானா நிராகரிப்பு. நீ வரைஞ்சதுதானே? சுராபாயாவுக்கு வர்றேன்னு சொல்லிடுறேன்." கைபேசியை எடுத்தான்.

"அது ஆபீசுக்காக வரைஞ்சது!"

"எனக்கு மட்டும் தனி விதியா?"

"பன்யு, இன்னும்..."

"அது கட்டம். நான் அம்பைக் கேக்குறேன்."

அவன் சிரிக்கவில்லை. விரல் திரைக்கு மேலே நின்றது. எனக்கு அவன்மேல் கூடக் கோபம் இல்லை. என் படம் இவ்வளவு சரியாக வேலை செய்கிறதே என்றுதான் கோபம்.

"போகாதே. கல்யாணம் பண்ணிக்கலாம்!"

பக்கத்து மேசையில் கரண்டிகள் நின்றன. இப்படி ஒரு நேரடிப் பேச்சை அந்த உணவகம் கேட்டிருக்காது.

பன்யு கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். காது சிவந்திருந்தது.

"இன்னொரு தடவை சொல்லு," என்றான். "ஒரே ஒரு தடவை சரியா ஓடினதை டெஸ்ட் பண்ற நாங்க நம்பறதில்ல."