பெருமாள்ராஜ் பின்னால் வந்த தண்ணீர்

ஏரல் பக்கத்து வரப்புகளில் பெருமாள்ராஜ் வெறுங்காலோடு நடந்தால் தண்ணீர் அவன் பின்னாலேயே வரும். மேட்டில் ஏறினாலும் வரும். சாத்தான்குளத்துப் பனங்காட்டிலிருந்து பிழைக்க வந்தவனுக்கு வாய்த்தது கடைமடை வயல். மற்றவர்கள் பாய்ச்சி மிஞ்சினால்தான் அங்கே ஈரம். "பனங்காட்டுக்காரனுக்கு நெல்லப் பத்தி என்னவே தெரியும்?" என்று சிரித்தவர்கள், தண்ணீர் கன்றுக்குட்டி மாதிரி அவன் குதிகாலை மோந்துகொண்டு வருவதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். கடைமடை முழுக்க இரண்டு போகம் விளைந்தது. அண்ணாச்சி என்றார்கள், சில வருஷத்தில் ஒன்றியத் தலைவராகவும் ஆக்கினார்கள்.

அங்கேதான் ஊருக்குப் புத்தி கெட்டது. தலைவர் மண்ணில் கால் வைக்கலாமா என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கார் வாங்கிக் கொடுத்தார்கள், செருப்பும் மாட்டிவிட்டார்கள். அவன் திருநெல்வேலியில் மாடிவீடு கட்டிக்கொண்டான். ஆற்று மணலை அள்ளி விற்றான். சாக்கடையை ஆற்றில் திறந்துவிடத் தலையாட்டினான். சாவு வீட்டில்கூடப் போட்டோக்காரன் வந்த பிறகுதான் பிணத்துக்கு மாலை போட்டான். தூ, இதுவும் ஒரு பிழைப்பா! அவன் மனைவி சுடலைவடிவு மட்டும் வயலை விட்டு நகரவில்லை.

அந்தப் பிசானப் போகத்தில், கதிர் வெளியே தள்ளுமுன் நெல் பொதி கட்டி நிற்கையில் வாய்க்கால் வறண்டது. இன்னும் ஒரு தண்ணீர் கிடைக்காவிட்டால் கடைமடை முழுக்கப் பதர்தான். அவள் பஸ் ஏறிப் போய்ப் புருஷன் முன்னால் நின்றாள்.

"ஒரே ஒரு நட செருப்பில்லாம நடந்துட்டுப் போங்க. பயிரு சாவுது."

"ஏட்டி, எலக்‌ஷன் வருதுல்லா. நீ கூப்பிடாட்டியும் வருவேன்" என்று சிரித்தான் அவன்.

மேளதாளத்தோடு வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்தான். தண்ணீரும் பழையபடியே குதிகாலை ஒட்டி வந்தது. கறுப்பாய், நுரைத்து, சாக்கடை நாற்றத்தோடு. கூட்டத்துக்கு மூக்கைப் பொத்தவே கை சரியாக இருந்ததால் கைதட்ட முடியவில்லை. வாயால் வாழ்க சொன்னார்கள்.

நெல் பிழைத்தது, நன்றாகவே விளைந்தது. சோறுதான் நாறியது. ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு தின்னப் பழகியது, ஓட்டையும் அவனுக்கே போட்டது.

ஜெயித்த அன்று கழுத்து மாலையோடு வந்து இலை முன்னால் உட்கார்ந்தான். சுடலைவடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டு பரிமாறினாள். முதல் வாயைத் துப்பிவிட்டால் இவன் இன்னும் மனுஷன்தான் என்று காத்திருந்தாள். அவன் பிசைந்தான், உருட்டினான், விரலை நக்கினான்.

"நம்ம வயல் அரிசி மணமே தனிட்டி. இன்னும் ரெண்டு கரண்டி போடு."

அவள் இடது கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போட்டாள்.